மூன்றரை

திருச்சியில் விமானம் ஏறும்போதே
ஹெப்சிபா சொல்லிவிட்டாள்:
எதைப் பார்த்தாலும் மூன்றரையால் வகு.
வகுத்தோம்.
கோட்டை ஸ்டேஷனில் தண்ணீர் பாட்டிலை,
மூன்றாம் வகுப்பு டிக்கெட்டை,
கழிவறை வாசலில் கொடுத்த சில்லறையைக்கூட.
வகுக்க வகுக்கப் பணக்காரர்கள் ஆனோம்.
கணக்கு நோட்டு என்னிடம்.
விமானம் போக ஆளுக்கு ஐயாயிரம்,
வெள்ளி இரவிலிருந்து
திங்கள் மதியம் இன்டர்னல் வரைக்கும்.

உட்கார இடமில்லை. நாவலப்பிட்டி தாண்டியும் நின்றோம்.
வாசற்படியில் கால் தொங்கவிட்டுப் படமெடுக்க
ரஜியாவுக்கு ஆசை. அங்கே ஏற்கெனவே
ஒரு குடும்பம், இரண்டு சாக்கு லீக்ஸ்,
தூங்கும் ஒரு போலீஸ்காரர்.
இறால் வடைக்காரர் கூடையை
எங்கள் தலைக்கு மேலாகக் கடத்திக்கொண்டு போனார்.
பட்டிப்பொலையில் மேகம் ஜன்னல் வழியே ஏறிக்கொண்டது,
டிக்கெட் எடுக்காமல்.

அப்புத்தளையில் அறை மூன்று பேருக்கு.
நாங்கள் நான்கு பேர்.
மதுநிஷாதான் குள்ளம்.
பேக்கரியில் பத்து நிமிடம் நின்றுவிட்டு
மீன் பனிஸ் ஒன்றைத் தின்றபடி
பின்கதவு வழியாக வந்தாள்,
யாரையோ பார்க்க வந்தவள்போல.
ஒரே ஒரு இரவுதான்,
அதற்குள் மூன்று முறை அப்படி வந்தாள்.

சாவி கொடுத்த பெண்ணுக்கு எங்கள் வயது.
டிலோஜினி. வீடு எங்கே என்றால்
மேற்கணக்கு என்றாள்.
நான் என் நோட்டைப் பார்த்தேன்.
தோட்டத்துப் பிரிவுக்குக் கணக்கு என்று பெயராம்.
அம்மா கொழுந்து எடுக்கிறாராம்.
நிறை குறைந்தால் அரைப்பேர்.
பேர் என்றால்?
ஒரு நாள் சம்பளங்க. நாள் முழுக்க நின்னாலும்
கிலோ வரலேன்னா பாதிப் பேர்தான் விழும்.
மதுநிஷா சிரிக்கப் போனாள்.
பிறகு சிரிக்கவில்லை.

இலங்கைத் தமிழ் என்று நாங்கள் நினைத்திருந்த எதுவும்
அவள் பேச்சில் இல்லை.
வெந்நி வேணுமாங்க என்று கேட்டபோது
எங்கள் விடுதி மெஸ்ஸில் நிற்பதுபோல இருந்தது.
எங்க ஆளுங்க தொறையூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க.
ரஜியா தினமும் அந்த ஊரிலிருந்துதான்
கல்லூரி பஸ் ஏறுகிறாள்.
அங்க என்ன இருக்கு?
ரஜியா யோசித்தாள்.
பஸ் ஸ்டாண்டு. ஒரு பெரிய ஏரி,
தண்ணி இருந்தா நல்லா இருக்கும்.
எங்க மாமாவோட செல்போன் கடை.
அவ்வளவுதானா, என்றாள் டிலோஜினி.
ஏமாற்றம் இல்லை அதில்.
விலாசம் சரிபார்க்கிறவள் குரல்.

என் பிறப்புச் சான்றிதழ்ல
இந்தியத் தமிழர்னுதான் போட்டிருக்கு,
சும்மா சொன்னாள், தட்டைத் துடைத்தபடி.
நீங்க வந்து போக எவ்வளவு ஆச்சு?

நோட்டைத் திறந்தேன்.
முதன்முதலாகப் பெருக்க வேண்டியிருந்தது.
விமானம், பெருக்கல் மூன்றரை.
பாஸ்போர்ட் தனி.
எண் நீண்டுகொண்டே போனது,
என் குரல் இறங்கிக்கொண்டே போனது.
முழுக்கக் கேட்டுவிட்டு
பரவாயில்லையே, என்றாள்.
எது என்று நான் கேட்கவில்லை.

விடிந்ததும் மலை விளிம்புக்கு ஏழு கிலோமீட்டர்,
ஆட்டோ காசு மிச்சம்.
மேலிருந்து தெற்கே கடல் தெரியும் என்றார்கள்.
வெள்ளை தெரிந்தது.
ஹெப்சிபா அந்த வெள்ளையைப்
பதினாறு படம் எடுத்தாள்.

சாயங்காலம் பில் வந்தது.
ஆட்கள் என்ற கட்டத்தில்
நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல்
டிலோஜினி எழுதியிருந்தாள்: 3½.
யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொடுத்தோம்.
மதுநிஷா மட்டும் வாசல்வரை வந்து திரும்பிப் போய்
தன் பெயரை இனிஷியலோடு
முழுசாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

இரவு ரயிலில் கணக்கு முடிக்க உட்கார்ந்தேன்.
நாற்பது ரூபாய் உதைக்கிறது.
அந்த ஊர் ரூபாயா, நம் ஊர் ரூபாயா என்று
குறித்து வைக்கவில்லை.